துணி உறைக்கு அளவு எண்ணைவிட அளக்கும் முறை தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், நோட்டுப் புத்தகத்துக்குத் துணியால் உறை தைப்பது குறித்து அண்மையில் வெளியான செய்முறைக் குறிப்பைப் படித்தேன். படித்ததோடு நில்லாமல், அதில் சொல்லியிருந்த அளவுப்படியே துணியை வெட்டி ஒரு மாலைப் பொழுதில் தைத்தும் முடித்தேன். தையல் சுத்தமாக வந்தது, மூலைகள் கூர்மையாக நின்றன, ஆனால் நோட்டு உள்ளே போகவில்லை. ஓரத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. பல ஆண்டுகளாகத் தையல் கற்றுக்கொடுத்து வருபவள் என்பதால் தவறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதன்முதலாக ஊசி பிடிப்பவர் இதே நிலையில் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, தைப்பதையே விட்டுவிடுவார். அதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

குறிப்பில் இருந்த வரி இதுதான்: ஏ5 அளவு நோட்டுக்கு 50 செ.மீ. நீளமும் 23 செ.மீ. உயரமும் கொண்ட துணி தேவை. இந்த 23 செ.மீ. என்பது வெட்ட வேண்டிய அளவா, தைத்து முடித்தபின் நிற்க வேண்டிய அளவா என்று குறிப்பில் எங்கும் இல்லை. வெட்டும் அளவு என்று எடுத்துக்கொண்டால், மேலும் கீழும் தையலுக்கு 1 செ.மீ. வீதம் போக உறையின் உயரம் 21 செ.மீ. ஆகிவிடும். அதன்பின் மடிப்பை நிறுத்துவதற்காக விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி மேலும் கீழும் ஓடும் ஓரத் தையல் இன்னும் 6 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 20.4 செ.மீ. ஏ5 நோட்டின் உயரமோ 21 செ.மீ. தையலைப் பிரித்தும் ஏன் போகவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: 21 செ.மீ. உறைக்குள் 21 செ.மீ. அட்டை நுழையாது, துணியின் தடிமனுக்கென்று கொஞ்சம் இடம் வேண்டும். மாறாக, அதே 23 செ.மீ.யை முடிந்த அளவு என்று எடுத்துக்கொண்டு அதற்கு வெளியே தையலுக்குத் துணி விட்டு வெட்டியவருக்கு 22.4 செ.மீ. இடம் கிடைக்கும், நோட்டு 1.4 செ.மீ. தளர்வாக மேலும் கீழும் ஆடும். ஆக, அச்சான ஒரே எண்ணிலிருந்து இரண்டு உறைகள் பிறக்கின்றன, இரண்டும் அந்த நோட்டுக்குப் பொருந்தவில்லை.

நீளத்தில் இப்படிப்பட்ட சிக்கல் உடனே தெரியாது. நீளத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், அட்டை செருகுவதற்காக இரு முனையிலும் உள்ளே மடிக்கும் பகுதி அதை விழுங்கிக்கொள்ளும். உயரத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கவனம் முழுவதையும் உயரத்தில் வைத்து, நீளத்தில் சற்றுத் தாராளமாக இருப்பதே நான் கண்ட வழி. தங்கள் குறிப்போ உயரத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமும் காட்டிவிட்டு, அந்தத் தாராளத்தின் பலனையும் ‘இருபுறமும் 8 செ.மீ. மடிக்கவும்’ என்ற அடுத்த வரியில் தட்டிப் பறித்துவிட்டது. 50 செ.மீ. துணி தைத்தபின் 48 செ.மீ. ஆகும், இரு மடிப்புக்கும் 16 செ.மீ. போனால் நோட்டைச் சுற்றுவதற்கு 32 செ.மீ. மட்டுமே மிஞ்சும். மெல்லிய நோட்டுக்கு இது போதும். தடித்த நோட்டுக்குப் போதாது.

நோட்டின் தடிமனைக் குறிப்பு ஓரிடத்திலும் கேட்கவில்லை என்பதே என் முக்கியமான குறை. ஏ5 என்ற பெயர் தாளின் அகலம் 14.8 செ.மீ., உயரம் 21 செ.மீ. என்று மட்டுமே சொல்கிறது. அப்படிப்பட்ட தாள்களில் எத்தனையை அடுக்கித் தைத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. கெட்டி அட்டை போட்ட நோட்டு என்றால் அட்டை தாளைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் துருத்திக்கொண்டும் இருக்கும். சாதாரண எழுதுதாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உடையது. அட்டையில் 200 பக்கம் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பவை 100 தாள்கள், அதாவது கிட்டத்தட்ட 1 செ.மீ. முதுகு, 400 பக்க நோட்டுக்கு அது இரட்டிப்பாகும். முதுகு 1.2 செ.மீ. இருக்கும் நோட்டைச் சுற்ற 14.8, 1.2, 14.8 ஆகியவற்றைக் கூட்டி 30.8 செ.மீ. வேண்டும். முதுகு 2.4 செ.மீ. இருந்தால் 32 செ.மீ. வேண்டும், அதற்கு மேல் துணி வளைந்து திரும்புவதற்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே தளர்வும் வேண்டும். அந்த நோட்டைக் குறிப்பில் சொன்ன உறைக்குள் எப்படியோ திணித்துவிடலாம், ஆனால் மூட முடியாது. விட்டால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

எனவே அளக்கும்போது நோட்டு மூடியிருக்க வேண்டும். திறந்து கவிழ்த்து வைத்து அளப்பதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. மெல்லிய அட்டை நோட்டைத் திறந்தால் முதுகு இரு பக்கமாகப் பிரிந்து படுத்துவிடுவதால் டேப்பில் எண் குறைவாகவே காட்டும். மூடிய நோட்டின் முன் அட்டை விளிம்பில் டேப்பைத் தொடங்கி, முதுகைச் சுற்றி, பின் அட்டை விளிம்பு வரை இழுக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒட்டவும் செருகவும் பழக்கம் உள்ளவர்களின் நாட்குறிப்பு ஆண்டு முடிவதற்குள் ஊதிப் பெருத்துவிடும் என்பதால், அப்படிப்பட்டவர் அளக்கும்போதே நடுவில் சில தாள்களைச் செருகி வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. என்னைக் கேட்டால் டேப்பைவிடக் காகிதப் பட்டை மேல். பட்டையை நோட்டைச் சுற்றிப் பிடித்து, இரு விளிம்பிலும் நகத்தால் மடிப்புக் கீறினால் போதும், எண்ணே வேண்டியதில்லை. எண் இல்லாத இடத்தில் கூட்டல் பிழையும் இல்லை. துணி டேப்பு நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடுவதும் உண்டு. பழைய டேப்பை ஒரு மர அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மேலே சொன்ன 1.2 செ.மீ. முதுகுள்ள ஏ5 நோட்டையே எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உயரம் 21 செ.மீ.; அட்டை தடையின்றி நுழைய 4 மி.மீ.; ஓரத் தையல் எடுத்துக்கொள்ளும் 6 மி.மீ.; தையலுக்கு மேலும் கீழும் 1 செ.மீ. வீதம் 2 செ.மீ. மொத்தம் 24 செ.மீ. உயரத்துக்கு வெட்ட வேண்டும். நீளத்தில் சுற்றளவு 30.8 செ.மீ.; தளர்வு 6 மி.மீ.; 7 செ.மீ. வீதம் இரு மடிப்புக்கு 14 செ.மீ.; தையலுக்கு 2 செ.மீ. மொத்தம் 47.4 செ.மீ. மேல்துணியிலும் லைனிங்கிலும் இதே அளவில் ஒவ்வொரு துண்டு. இந்தக் கணக்கு, இரு துணிகளின் நல்ல பக்கங்களை எதிரெதிராக வைத்துச் சுற்றிலும் தைத்து, விட்டுவைத்த இடைவெளி வழியே புரட்டி, முனைகளை உள்ளே மடித்து ஓரத் தையல் போடும் முறைக்கு உரியது. மடிப்பை முதலிலேயே உள்ளே வைத்துத் தைத்துப் புரட்டும் இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் ஓரத் தையல் இல்லாததால் அந்த 6 மி.மீ. வேண்டியதில்லை. செய்முறை மாறினால் அளவும் மாறும் என்பதால்தான் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவது ஆபத்தாகிறது.

மடிப்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. 5 செ.மீ.க்குக் குறைந்தால் நோட்டைத் தூக்கும்போதே அட்டை நழுவி வெளியே வரும். அட்டையின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் செருகுவது பெரும்பாடாகிவிடும். கெட்டி அட்டை நோட்டை உறைக்குள் செருக, முன்னட்டையையும் பின்னட்டையையும் பின்புறமாக வளைத்து ஒன்றை ஒன்று தொடும்படி பிடித்துக்கொண்டு, இரண்டையும் மெல்ல மெல்ல மடிப்புக்குள் தள்ள வேண்டும். இந்த ஒரு வரி குறிப்பில் இல்லாததால், சரியாகத் தைத்த உறையைக்கூடச் சிலர் சிறியது என்று எண்ணிப் பிரித்திருப்பார்கள். ஓரத் தையல் போடுவதற்கு முன் உறையை நோட்டின் மேலேயே போர்த்தி, நோட்டு மூடிய நிலையில் மடிப்பைக் குண்டூசியால் நிறுத்திப் பார்த்துவிட்டால், 7 என்றும் 8 என்றும் வாதாட வேண்டிய தேவையே வராது. சுருள் கம்பி நோட்டை அட்டையோடு முழுதாகப் பின்னால் மடித்து எழுதுவோம் என்பதால் இவ்வகை உறை அதற்குப் பொருந்தாது, அதை விட்டுவிடலாம்.

அடுத்தது, துணியை நனைப்பது. குறிப்பு இதைப் பற்றி மூச்சே விடவில்லை. நெசவின்போது தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்த நூல், முதல் முறை தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்குகிறது. பருத்தித் துணி நூற்றுக்கு 3 சுருங்கினால், 24 செ.மீ. உயரத்தில் 7 மி.மீ. போய்விடும். நாம் பார்த்துப் பார்த்து விட்ட 4 மி.மீ. தளர்வும் அதோடு போய், மேலும் 3 மி.மீ. கடன் நிற்கும். துணி உறை போடுவதன் பயனே அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம் என்பதுதான். ஒருமுறை துவைத்ததும் மீண்டும் மாட்ட முடியாமல் போகும் உறையை என்ன சொல்வது? மேல்துணி பருத்தியாகவும் லைனிங் பாலியெஸ்டராகவும் இருந்துவிட்டால் கதை இன்னும் மோசம். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல், உள்பக்கம் முழுவதும் அலையலையாகப் புடைத்து நிற்கும். வெட்டுவதற்கு முன் இரண்டையும் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

பழைய ஆடையைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பு சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பலமுறை துவைத்த துணி இனிமேல் அதிகம் சுருங்காது என்பது அதற்குள்ள கூடுதல் தகுதி. ஆனால் முழங்கை, முழங்கால், உட்காரும் இடம் ஆகிய பகுதிகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நூல் தேய்ந்து வெளிச்சம் கசியும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். உறையில் முதலில் கிழிவது முதுகும் மூலைகளும்தான். தேய்ந்த துணி அங்கே வந்துவிட்டால் தைத்த உழைப்பு வீண். நீட்டவாட்டில் ஓடும் பாவு நூல் உறையின் நீளத்தில், அதாவது நோட்டைச் சுற்றிப் போகும் திசையில் வரும்படி வெட்டுவது என் வழக்கம். திறந்து மூடும் இழுப்பு முழுவதும் அந்தத் திசையில்தான் விழுகிறது, பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூலைவிடக் குறைவாகவே நெகிழும். பூவோ உருவமோ தலைநிமிர்ந்து நிற்க வேண்டிய அச்சுத் துணியில் மட்டும் இதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். குறுக்காக, கோணலாக மட்டும் வெட்டிவிடக் கூடாது. அப்படி வெட்டிய உறை சில வாரங்களில் தொளதொளத்துப் போகும்.

தையல் இயந்திரத்தில் ஓரத் தையல் போடும் கட்டம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. குறிப்போடு இருந்த படத்தில் இரண்டு துணிதான் தெரிகிறது. உண்மையில் புரட்டிய விளிம்பில் மேல்துணி, லைனிங், அவற்றின் உள்மடங்கிய இரு ஓரங்கள் என நான்கு அடுக்கு இருக்கும். அதன்மேல் மடிப்புப் பகுதி வந்து படியும்போது எட்டு அடுக்கு ஆகிறது. மடிப்பு தொடங்கும் இடத்தில் ஊசி நான்கிலிருந்து திடீரென்று எட்டுக்கு ஏற வேண்டியிருப்பதால்தான் அங்கே தையல் விட்டுப்போகிறது, நூல் அறுகிறது, சில நேரம் ஊசியே முறிகிறது. புரட்டுவதற்கு முன் உள்ளோரங்களை, ஒன்றை 6 மி.மீ. ஆகவும் மற்றதை 4 மி.மீ. ஆகவும் கத்தரித்துவிட்டால் மேடு சரிவாக அமையும். விறைப்புக்காக ஒட்டும் கேன்வாஸை நான்கு பக்கமும் 1 செ.மீ. குறைவாக வெட்டினால் அது தையலுக்குள் வராது. மேட்டில் ஏறும் இடத்தில், அதே தடிமனில் மடித்த ஒரு துண்டுத் துணியை, தைக்கும் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸர் ஃபுட்டின் பின்புறம் கொடுத்துச் சமப்படுத்தி, நான்கைந்து தையலை மட்டும் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போட வேண்டும். சாதாரணப் பருத்திக்கு 80 எண் ஊசி தாங்கும். ஜீன்ஸ் துணி என்றால் 100 எண் வேண்டும். இந்த எண்கள் ஊசித் தண்டின் விட்டத்தைக் குறிப்பவை: 80 என்றால் 0.8 மி.மீ., 100 என்றால் 1 மி.மீ. தையல் நீளத்தை 2.5 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குக் கூட்டிவிட்டால் எட்டு அடுக்கின் மேலும் தையல் தெளிவாக விழும். இயந்திரம் இல்லாதவர் ஊசியை ஒரு தையல் பின்னே இறக்கி முன்னே எடுக்கும் கெட்டித் தையலில் முழு உறையையும் கையாலேயே தைத்துவிடலாம், உறுதியில் அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

படத்தில் இருந்த உறையின் முன்பக்கத்தில் அழகான பூவேலைப்பாடு இருந்தது. ஆனால் அதை எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில் போட வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன் என்பதால் குறிப்பிடுகிறேன். ஒரு மாணவிக்குப் பரிசாகத் தைத்த உறையில், அவள் பெயரை இரண்டு இரவு உட்கார்ந்து பூத்தையலில் எழுதினேன்; தைத்து மாட்டிப் பார்த்தால் பெயர் பின்னட்டையில் இருந்தது. மேல்துணியின் நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும்படி விரித்தால், இடமிருந்து வலமாக எழுதும் நோட்டுக்கு முன்னட்டை வலது பாதியில்தான் வரும். வலது ஓரத்திலிருந்து மடிப்பையும் தையலுக்கான துணியையும் கழித்தபின் எஞ்சும் 14.8 செ.மீ.தான் கண்ணுக்குத் தெரியும் முகப்பு. பூத்தையலை லைனிங் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், பின்னால் போட்டால் முடிச்சுகள் உள்பக்கம் தெரியும். அந்த மாணவி நோட்டைக் கவிழ்த்து வைத்தே பல நாள் பயன்படுத்தினாள் என்பது வேறு கதை.

இத்தனையையும் ஒரு கால்பக்கக் குறிப்பில் அடக்க முடியாது என்று தாங்கள் கூறக்கூடும். இடநெருக்கடி எனக்கும் புரிகிறது. குறிப்பில் பாதி இடத்தைப் பிடித்திருந்த ரிப்பன், பொத்தான், பேனா செருகும் வளையம் ஆகியவற்றை வேறொரு வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். அவை இல்லாமலும் உறை உறைதான். அந்த இடத்தில், வாசகர் தன் நோட்டை அளந்து நிரப்பிக்கொள்ளும்படி உயரம், அகலம், முதுகு என்று மூன்று வெற்றுக் கட்டங்களும், ஒவ்வொன்றோடும் எதைக் கூட்ட வேண்டும் என்ற விவரமும், கிடைப்பது வெட்டும் அளவு என்ற தெளிவான வரியும் இருந்தால், ஏ5, ஏ4 என்று தனித்தனி அளவே தேவைப்படாது. கையடக்கக் குறிப்பேட்டுக்கும் பெரிய கணக்குப் பேரேட்டுக்கும் அதே கட்டங்கள் பொருந்தும். முன்பு வந்த குறிப்பைத் திருத்தி, அளக்கும் முறையோடு ஒருமுறை மறுபடியும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த அளவில் துணி வெட்ட இருப்பவர்களுக்காக, 23 செ.மீ. என்பதை 24 செ.மீ. வெட்டும் அளவு என்று கொள்ளவும், மடிப்பை நோட்டின் மேல் வைத்துப் பார்த்து மடிக்கவும் என்ற ஒரு வரித் திருத்தத்தையாவது அடுத்த இணைப்பிலேயே சேர்க்கலாம்.

நான் இரண்டாம் முறை தைத்த உறை நோட்டுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. அதற்கான அளவுத் தாளை, அந்தக் குறிப்பு அச்சாகியிருந்த பக்கத்தை விரித்தே வெட்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி